யாருடைய பங்கு, யாருக்குப் பாதுகாப்பு

2025 மே 7 காலை. ஆபரேஷன் சிந்தூர் செய்தி வந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு சத்தங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. ஒன்று, அம்மா தார் சுற்றும் ராட்டையின் சத்தம். இன்னொன்று, தம்பியின் கைபேசியில் யாரோ ஒருவர் இன்றைக்கு எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த சத்தம். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், பாரத் எலெக்ட்ரானிக்ஸ், பாரத் டைனமிக்ஸ் என்று பெயர்கள் வந்தன. கச்சா எண்ணெய் ஏறுமா, தங்கம் ஏறுமா என்ற கேள்விகளும் வந்தன. அம்மா தலை நிமிராமல் கேட்டாள்: "சரிக வெல ஏறுமான்னு சொல்றானாடா?"

தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு யோசித்தபோது, அந்தக் காலையில் கேட்ட கேள்விகளிலேயே சரியான கேள்வி அதுதான் என்று பட்டது. அதற்குப் பதில் சொல்லும் ஒரு கட்டுரையைத் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைத்த கட்டுரைகளை வாசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாளிதழ்களின் வணிகப் பக்கத்திலும் வார இதழ்களிலும் யூடியூபிலும் 'போர்க்காலத்தில் எங்கே முதலீடு செய்யலாம்' என்று ஒரு தனி எழுத்துவகையே உருவாகிவிட்டது. எல்லை மாறினாலும் எதிரி மாறினாலும் அதன் வடிவம் மாறுவதில்லை. முதல் பத்தியில் பதற்றம். இரண்டாவதில் கச்சா எண்ணெய். மூன்றாவதில் தங்கம். நான்காவதில் ஆயுத நிறுவனங்கள். கடைசியில், 'பதறாதீர்கள், நீண்டகால நோக்கில் முதலீட்டைத் தொடருங்கள்' என்ற அறிவுரை. இவை பொய் சொல்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. சொல்வதில் பெரும்பகுதி உண்மை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தபோது சென்செக்ஸ் ஒரே நாளில் 2,702 புள்ளிகள் விழுந்தது. மார்ச் 7 அன்று பிரெண்ட் கச்சா எண்ணெய் ஒரு கட்டத்தில் பீப்பாய்க்கு 139 டாலரைத் தொட்டது. ஜெர்மனி தன் ராணுவத்துக்கு 100 பில்லியன் யூரோ தனி நிதி ஒதுக்குவதாக அறிவித்ததும் அந்நாட்டின் ஆயுத நிறுவனமான ரைன்மெட்டாலின் பங்கு எகிறியது. போருக்கு முன் 100 யூரோவுக்கும் கீழே இருந்த அந்தப் பங்கு 2025 நடுவில் 1,700 யூரோவைத் தாண்டியிருந்தது.

இதன் இயக்கமும் எளிதானதுதான். கிணறு எரிந்தால்தான் எண்ணெய் விலை ஏற வேண்டும் என்பதில்லை. எரியக்கூடும் என்ற பயமே போதும். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்ட 12 நாட்களில் 70 டாலருக்குச் சற்றுக் கீழே இருந்த எண்ணெய் 80 டாலர் அருகே போய், போர்நிறுத்தம் என்றதும் பழைய இடத்துக்கும் கீழே வந்து நின்றது. ஆயுத நிறுவனத்தின் பங்கு ஏறுவதும் இன்றைய லாபத்துக்காக இல்லை, நாளை வரப்போகும் ஆர்டருக்காக. எதிர்பார்ப்பைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள். அதனால் எதிர்பார்ப்பு தளர்ந்தாலும் விலை விழும். இந்தியப் பாதுகாப்புத் துறைப் பங்குகள் 2024 ஜூலையில் உச்சத்தைத் தொட்டு, 2025 பிப்ரவரிக்குள் தம் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தன. பேச்சு உரக்க இருந்த நேரத்தில் நுழைந்தவர்கள் அடிவாங்கினார்கள். நல்ல ஆலோசகர்கள் இதையும் எச்சரிக்கத்தான் செய்தார்கள்.

ஆக, இந்த எழுத்தின் குறை தகவலில் இல்லை. அதன் உலகத்தில் யார் வசிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அதில் இரண்டே பாத்திரங்கள்: சந்தை, முதலீட்டாளர். சந்தைக்கு உணர்ச்சிகள் உண்டு. அது பயப்படும், தயங்கும், உற்சாகம் கொள்ளும். குண்டு விழுந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தப் பக்கத்தில் உணர்ச்சி கிடையாது, உயிரும் கிடையாது. வினைச்சொற்களைப் பாருங்கள். பதற்றம் 'ஏற்படுகிறது', விலை 'உயர்கிறது', பங்குகள் 'கவனம் பெறுகின்றன'. செய்தவரும் இல்லை, செத்தவரும் இல்லை. முதலீட்டாளர் எப்போதும் 'அவர்'. மாதச் சம்பளம் வாங்குகிறார், குடும்பத்தைக் காக்கிறார். பெண் வருவதாக இருந்தால் தங்கம் பற்றிய பத்தியில் 'இல்லத்தரசிகளுக்கு அதிர்ச்சி' என்று ஒரு வரியில் வந்து போவாள்.

இந்த எழுத்துக்கு மிகவும் பிடித்த சொல் 'பாதுகாப்பு'. பாதுகாப்புத் துறைப் பங்குகள் என்றால் ஆயுதம் செய்யும் நிறுவனங்கள். தங்கம் 'பாதுகாப்பான முதலீடு'. ஒரே கட்டுரையில் ஏவுகணைக்கும் வளையலுக்கும் ஒரே சொல். பெண்களாகிய நமக்கு இந்தச் சொல் நன்றாகப் பழக்கம். பாதுகாப்பு என்ற பெயரில்தான் நம்மை ஆறு மணிக்குள் வீடு திரும்பச் சொன்னார்கள். பாதுகாப்புக்காகத்தான் கல்லூரியை விட்டு நிறுத்தினார்கள். யாரை, யாரிடமிருந்து, யார் காக்கிறார்கள், அதற்கான விலையைக் கொடுப்பது யார் என்று அந்தச் சொல்லைக் கண்டதும் கேட்க நாம் கற்றிருக்கிறோம். அதே கேள்வியை வணிகப் பக்கத்திலும் கேட்கலாம்.

போரும் பங்கும் சேர்ந்து நடப்பது ஆரணிக்குப் புதிதில்லை. 1751 டிசம்பர் 3 அன்று ராபர்ட் கிளைவ் இந்த ஊரருகே ராஜா சாகிப்பின் படையையும் பிரெஞ்சுக்காரர்களையும் தோற்கடித்தான். 1782-ல் ஆரணிக் கோட்டை ஹைதர் அலியின் முக்கியக் கிடங்காக இருந்தது. அதைப் பிடிக்க அயர் கூட் வந்து போனான். பள்ளியில் இதை மன்னர்களின் கதையாகப் படித்தோம். கிளைவின் முதலாளி எந்த மன்னரும் இல்லை. லண்டனில் பங்குகள் வாங்கி விற்கப்பட்ட ஒரு கம்பெனி. 1765-ல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கைக்கு வந்ததும் அந்தப் பங்கின் விலை ஏறியது. 1769 மே மாத இறுதியில், கர்நாடகப் பகுதியில் ஹைதர் அலி முன்னேறுகிறார் என்ற செய்தி லண்டனை எட்டியதும் சரிந்தது. கப்பலில் கடிதம் போய்ச் சேர ஆறு மாதம் ஆகும் காலம். அந்தச் செய்தி போய்ச் சேர்வதற்குள் இங்கே ஏப்ரல் தொடக்கத்தில் சமாதானமே கையெழுத்தாகிவிட்டது. லண்டனில் கடன் வாங்கிப் பங்கு பிடித்த வெர்னி பிரபுவும் வில்லியம் பர்க்கும் நொடித்துப்போன கதை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. குதிரைப்படைகள் போன வழியில் இருந்த ஊர்களின் பெண்கள் என்ன இழந்தார்கள் என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியின் பங்குதாரர்களில் பெண்களும் இருந்தார்கள். கைம்பெண்கள், மணமாகாதவர்கள், சொந்தக் காலில் நிற்க வழி தேடியவர்கள். அவர்களுக்கு அந்தப் பங்கு விடுதலையின் ஒரு சிறு துண்டாக இருந்திருக்கும். இதைப் பிறகு பேசுகிறேன்.

முதலில் அம்மாவின் கேள்விக்குப் பதில். சரிகை விலை ஏறுமா? ஏறும். வழி கொஞ்சம் சுற்று. அசல் சரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசியது. 2022-ல் ரஷ்யாவின் மத்திய வங்கி வெளிநாடுகளில் வைத்திருந்த சுமார் 300 பில்லியன் டாலரை மேற்கு நாடுகள் முடக்கின. டாலரில் வைத்திருந்தால் நமக்கும் இதே கதிதானோ என்று பல நாட்டு மத்திய வங்கிகள் தங்கத்தைத் தேடின. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கின. விலையேற்றத்துக்கு வட்டி விகிதம், ரூபாயின் மதிப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இது பெரிய காரணம். 2022 தொடக்கத்தில் 40,000 ரூபாய்க்குக் கீழே இருந்த ஒரு சவரன் 2025 அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியது. அதே 2025-க்குள் சென்னையில் ஒரு கிலோ வெள்ளி ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சத்துக்குப் போனது.

இது ஆரணிக்குள் இரண்டு வாசல் வழியாக வருகிறது. முதல் வாசல் தறி. சரிகை விலை ஏறினால் முதலாளியின் பணம் சரக்கிலேயே முடங்கும். அவர் செய்வது ஒன்று, பாவு கொடுப்பதைக் குறைப்பார்; அல்லது அசல் சரிகையை விட்டு மலிவான சரிகைக்கு மாறி, கூலியையும் அதற்கேற்ப இறக்குவார். பாவு வராத வீட்டில் தறி நிற்கும். இரண்டாவது வாசல் முகூர்த்தம். கல்யாண வீட்டில் முதலில் ஒதுக்குவது நகைக்கு. நகை பட்ஜெட் ஏறினால் எதைக் குறைப்பார்கள்? மண்டபத்தைக் குறைக்க முடியாது, சாப்பாட்டைக் குறைக்க முடியாது. புடவையைத்தான் குறைப்பார்கள். ஐந்து பட்டு மூன்றாகும், மூன்றில் ஒன்று விசைத்தறிப் புடவையாகும். அந்தப் பெண்ணின் தகப்பன் வரதட்சணைக்கு எத்தனை பவுன் என்று கணக்குப் போடும்போது, அந்தக் கணக்கு கீவ் நகரத்தோடு தொடர்புடையது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தொடர்பு இருக்கிறது.

இங்கே கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் சொன்னால்தான் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று தெரியும். கூலி புடவைக்கு இவ்வளவு என்று பேசப்படும்; பெரும்பாலும் தறியில் உட்காரும் ஆணின் பெயரில் வரும். ஊடைக்குத் தார் சுற்றுவது, இழை அறுந்தால் முடிவது, பாவு ஓட்டக் கை கொடுப்பது எல்லாம் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குத் தனிக் கூலி கிடையாது. எல்லாம் அந்தப் புடவைக் கூலிக்குள் அடக்கம். 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள்; அவர்களில் 25 லட்சத்துக்கு மேல் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. தனிக் கூலி இல்லாத வேலைக்கு ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. அதனால் எந்தப் போரின் பாதிப்புப் பட்டியலிலும் அது வராது. வேலை மட்டும் கூடும். மலிவான சரிகை அடிக்கடி அறும். அறுந்ததை முடிய வேண்டியவள் அவள்.

அடுப்படிக்கும் போர் வந்தது. சமையல் எரிவாயுவில் நம் தேவையில் 60 சதவீதம் அளவுக்கு இறக்குமதி. சென்னையில் வீட்டு உபயோக சிலிண்டர் 2022 மார்ச் தொடக்கத்தில் 915.50 ரூபாய். ஜூலையில் 1,068.50. அந்த ஆண்டு மே மாதம் உஜ்வலா இணைப்புக்கு மட்டும் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். மற்றவர்களுக்கு 2023 ஆகஸ்ட் இறுதி வரை காத்திருப்புதான். எண்ணெய் நிறுவனங்களுக்கும் 2022-ல் நஷ்டம் வந்தது உண்மை. சிலிண்டரை அடக்க விலைக்குக் கீழே விற்றதற்காக அக்டோபரில் மத்திய அரசு அவற்றுக்கு 22,000 கோடி ரூபாய் ஈடுகட்டியது. இதற்கிடையில் ரஷ்யாவின் தள்ளுபடி எண்ணெய் இந்தியாவுக்கு வந்து குவிந்தது. 2023–24 நிதியாண்டில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் லாபம் சேர்ந்து ஏறத்தாழ 81,000 கோடி. அந்தக் காலம் முழுவதும், 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் அளவுக்குக் குறைக்கும் வரை, சென்னையில் பெட்ரோல் 102.63 ரூபாயிலேயே நின்றது. முதலீட்டுக் கட்டுரைகள் இதை 'எண்ணெய் நிறுவனப் பங்குகளில் வாய்ப்பு' என்று எழுதின. அதுவும் சரியான தகவல்தான். நிறுவனத்தின் நஷ்டத்துக்கு ஈடு கிடைத்தது, லாபம் ஈவுத்தொகையானது. அந்தப் பதினான்கு மாதத்தில் காலையில் கேஸ், இரவில் விறகு என்று மாற்றிக்கொண்ட அடுப்புக்கு ஈடு எங்கே என்று அவை கேட்கவில்லை. புகையை விழுங்கியவள் எந்த நிறுவனத்தின் பேரேட்டிலும் இல்லை.

அதனால்தான் 'பதறாதீர்கள்' என்ற அந்தக் கடைசி வரி எனக்கு உறுத்துகிறது. நல்ல அறிவுரை அது, கையிருப்பு உள்ளவருக்கு. ஐந்து வருடம் தொடாமல் வைக்கப் பணம் இருப்பவர் பதறாமல் இருக்கலாம். திங்கட்கிழமை சிலிண்டர் பதிய வேண்டியவள் பதறாமல் என்ன செய்வாள்? அவள் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். பவுன் விலை ஏறியதால் அதே சங்கிலிக்குக் கூடுதல் கடன் கிடைக்கும். அதைத் தங்கத்தின் 'பயன்' என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தது. கூடுதல் கடனுக்குக் கூடுதல் வட்டி என்று அடுத்த வரியில் எழுதியிருக்கலாம்.

இப்போது கடினமான பகுதி. இத்தனை நேரம் 'அவர்கள்' என்று பேசிக்கொண்டிருந்தேன். 2025-ல் என் எஸ்.ஐ.பி. கணக்கை எடுத்துப் பார்த்தேன். பெண்கள் தம் பெயரில் சேமிக்க வேண்டும், அஞ்சறைப் பெட்டியிலிருந்து பணம் வெளியே வர வேண்டும் என்று கூட்டங்களில் பேசியவள் நான். அந்த நம்பிக்கையில் மாதம் 1,000 ரூபாய் நிஃப்டி 50 குறியீட்டு நிதியில் போட்டுவருகிறேன். 2024 செப்டம்பர் 30 முதல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிஃப்டி 50-இல் இருக்கிறது. ராடாரும் ஏவுகணை அமைப்புகளின் மின்னணுப் பாகங்களும் செய்யும் நிறுவனம். ஆக, மே 7 காலையில் தம்பி பெயர் கேட்டுக்கொண்டிருந்த பங்கு ஏற்கெனவே என்னிடம் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

என்னையாவது விடலாம். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள். ஆரணியைச் சுற்றியுள்ள நெசவு வீடுகளின் மகள்கள் இன்று தறிக்கு வருவதில்லை. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள், அம்மாக்களுக்குக் கிடைக்காத ஒன்று அது. வருங்கால வைப்பு நிதி நிறுவனம் 2015 ஆகஸ்ட் முதல் பங்குச் சந்தையில் முதலீடு செய்கிறது. புதிதாக வரும் பணத்தில் 15 சதவீதம் வரை நிஃப்டி, சென்செக்ஸ் போன்ற குறியீடுகளைப் பின்பற்றும் நிதிகளுக்குப் போகிறது. 2025 ஜூனில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் சென்செக்ஸிலும் சேர்ந்தது. ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் ஒரு பெண்ணின் சம்பளத்திலிருந்து மாதம் ஓரிரு ரூபாய், ஒரு டீ விலைகூட வராது, அங்கே போய்ச் சேர்கிறது. பங்கு இரண்டு மடங்கானாலும் அவள் கணக்கில் அது நேராக வராது. ஆண்டுக்கு ஒருமுறை அறிவிக்கும் வட்டிதான் வரும், 2024–25-க்கு 8.25 சதவீதம். வேண்டாம் என்று சொல்லும் கட்டமும் எந்தப் படிவத்திலும் இல்லை.

'பங்கு' என்ற சொல்லைப் பெண்கள் வேறு இடத்தில் போராடிப் பெற்றோம். 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமப் பங்கு என்றது. பங்கு கேட்டால் அண்ணன் தம்பி உறவு போய்விடும் என்று இன்றும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். பங்கு என்றால் சொத்தில் உரிமையும், அந்தச் சொத்தை என்ன செய்வது என்பதில் ஒரு சொல்லும் என்றுதான் நாம் புரிந்துகொண்டிருந்தோம். சந்தை தரும் பங்கில் அந்தச் சொல் இல்லை. லண்டனில் கம்பெனிப் பங்கு வைத்திருந்த அந்தக் கைம்பெண்ணுக்கு வருமானம் உண்மை, சுதந்திரமும் உண்மை. அதற்கான விலையை ஆற்காட்டுச் சீமைப் பெண்கள் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க மறுக்கும் பெண் விடுதலை எனக்கு வேண்டாம்.

'அப்படியென்றால் நாட்டுக்கு ஆயுதமே வேண்டாமா, எல்லையில் நிற்பவன் வெறுங்கையோடு நிற்பானா' என்று கேட்பார்கள். கேட்கட்டும். அது தேர்தலில், நாடாளுமன்றத்தில், தெருவில் விவாதிக்க வேண்டிய கேள்வி; எனக்கும் அதில் கருத்து உண்டு. என் புகார் அந்த விவாதம் நடக்காமலே போவது பற்றியது. ஒரு போரை வாங்கலாமா விற்கலாமா என்று மட்டும் பேசும் பக்கத்தை தினமும் வாசிப்பவருக்கு, அது வேண்டுமா என்ற கேள்வி மெல்ல மறந்துபோகும். தன் சேமிப்பு அதில் கட்டப்பட்டிருந்தால் சமாதானச் செய்தி வரும் காலையில் உள்ளே ஒரு சின்ன ஏமாற்றம் எழும். அந்த ஏமாற்றத்தைத்தான் நான் பயப்படுகிறேன். 2025 மே 10 மாலை சண்டை நிறுத்தம் என்று அறிவித்தபோது, தம்பி வாங்காமல் விட்ட பங்கைப் பற்றிப் பேசினான். அவன் கெட்டவன் இல்லை. ஊரில் தறி ஓடாததால் சந்தையில் பிழைப்பு தேடுபவன்.

'எல்லாப் பங்கையும் விற்றுவிட்டு வாருங்கள் தோழிகளே' என்று சொல்ல மாட்டேன். அஞ்சறைப் பெட்டிக்குத் திரும்பிப் போவதில் விடுதலை இல்லை. நிதி அறிவு என்று பெண்களுக்குக் கற்றுத்தரும் கூட்டங்களில் இன்னொரு பாடத்தையும் சேர்க்கலாம். நிதி நிறுவனங்கள் தம் கையில் உள்ள பங்குகளின் பட்டியலை மாதம்தோறும் வெளியிட வேண்டும் என்பது விதி. அதை இறக்கி வாசிக்கப் பழகலாம். பி.எஃப். பணம் எந்த நிறுவனங்களுக்குப் போகலாம், போகக் கூடாது என்பதைத் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் வைக்கலாம். வணிகப் பக்கம் எழுதும் பெண்கள் இருக்கிறார்கள். சிலிண்டர் விலையையும் சரிகை விலையையும் தார் சுற்றும் கூலியையும் கச்சா எண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரே அட்டவணையில் போடுங்கள் என்று அவர்களிடம் கேட்கலாம். ஒரு போரின் கணக்கு அப்போதுதான் முழுக் கணக்காகும்.

எஸ்.ஐ.பி.யை நான் இன்னும் நிறுத்தவில்லை. குறியீட்டு நிதியிலிருந்து வெளியேறினால் வேறு எங்கே போடுவது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். சரிகை விலை ஏன் ஏறுகிறது என்பதையும், என் பணம் எங்கே போகிறது என்பதையும். இரண்டையும் கேட்டுவிட்டு, "அப்போ நாம ரெண்டு பக்கமும் இருக்கமா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் அறுந்த இழையை முடிந்துவிட்டு ராட்டையைச் சுற்றத் தொடங்கினாள்.